மஞ்சள் தவிர்க்கவும்

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் டயட்டீசனாக இருந்தேன். அதில் பெரும்பகுதி, முட்டையின் மஞ்சள் கருவைத் தொடாதீர்கள் என்று ஊருக்குச் சொல்வதிலேயே போயிற்று. அதே முப்பது ஆண்டும் வியாழக்கிழமைதோறும், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், காந்திபுரத்துச் சந்து ஒன்றில் புரோட்டாக் கடை ஓரமாக நின்று கலக்கி தின்றேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: முட்டையை உடைத்து, கொஞ்சம் குழம்பும் மிளகுத்தூளும் விட்டு அடித்து, கல்லில் ஊற்றி, முழுதாக வேகுமுன் மடித்து எடுத்துவிட்டால் அது கலக்கி. மஞ்சளும் வெள்ளையும் அதில் கலந்து கிடக்கிற கிடப்பில் எந்த டயட்டீசனாலும் பிரித்து எடுக்க முடியாது. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை, காலையில் நான் மஞ்சள் கருவை விலக்கிவைத்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், மாலையில் அதே கடையில் என் பக்கத்தில் வந்து நின்றார். என் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இது வெள்ளைங்களா, மஞ்சளுங்களா?"

"ஆராய்ச்சிங்க" என்றேன்.

அவர் கடைக்காரரிடம் திரும்பி, "எனக்கும் ஒரு ஆராய்ச்சி போடுங்க" என்றார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் திவ்யா. எனக்குப் பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். போன மாதம் போன் செய்தாள். "அக்கா, டிபார்ட்மென்ட்ல சார்ட் எல்லாம் புதுசா அடிக்கறோங்க. பெரும்பாலானவங்களுக்கு முழு முட்டையே எழுதிடறோம். பழைய ஃபைல் பாத்தா உங்க கையெழுத்துல பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் வேண்டாம், மஞ்சள் வேண்டாம்னு இருக்குது. உங்களுக்கு மஞ்சள் மேல அப்படி என்னங்கக்கா கோவம்?"

கோபமெல்லாம் இல்லை. அப்போது அதுதான் வழக்கம். மஞ்சள் கருவில் கொழுப்பு இருக்கிறது, கொழுப்பு இருந்தால் இதயம் அடைக்கும், ஆகவே எடுத்து எறி. இந்த மூன்று வரியை நாங்கள் வாய்ப்பாடு மாதிரி படித்திருந்தோம். மருத்துவமனைச் சமையலறையில் தினமும் முட்டைகளை வேகவைத்து, இரண்டாகப் பிளந்து, மஞ்சளை விரலால் தோண்டி ஒரு சருவப் பாத்திரத்தில் போடுவார்கள். அந்தச் சருவம் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. சமையல் மாஸ்டர் மட்டும் வருடா வருடம் பளபளப்பாகிக்கொண்டே வந்தார்.

நான் படித்ததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மனையியல் பட்டம், பிறகு ஒரு வருடம் உணவியல் பட்டயம். விடுதியில் நாங்கள் தின்ற சோற்றுக்கும் வகுப்பில் நாங்கள் எழுதிய சோற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. வேலையை நான் கற்றது ரெஜினா மேடத்திடம்.

ரெஜினா மேடம் எங்கள் துறைத் தலைவர். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட காட்டன் சேலை, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, கையில் சிவப்பு மைப் பேனா. ஆத்திரப்பட்டு அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் நம் எழுத்தை நமக்கே சத்தமாகப் படித்துக் காட்டுவார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம். புதிதாக வந்த வாரம் ஒரு நோயாளிக்கு 'சாதம் அளவாக' என்று எழுதிவிட்டேன். மேடம் அதை நாலு தடவை படித்தார்.

"அளவா. சரி. யாரோட அளவுங்க? உங்க அளவா, என் அளவா? இவரு தேங்காய் லோடு ஏத்தறவரு. இவரோட அளவு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அன்றிலிருந்து கரண்டி, டம்ளர், உள்ளங்கை. இதைத் தவிர வேறு அளவு எழுதியதில்லை.

மேடத்திடம் இரண்டு விதிகள் இருந்தன. முதலாவது, நோயாளி நேற்று எழுந்ததிலிருந்து படுத்தது வரை என்ன தின்றார் என்று கேட்பது. கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடித்த பிறகு நாம் பேசக்கூடாது. சும்மா இருக்க வேண்டும். கொங்குநாட்டில் இது ரொம்பக் கஷ்டமான வேலை. இங்கே யாரும் முதல் தடவை உண்மையைச் சொல்லிவிட மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு.

"காலைல ஒண்ணும் சாப்பிடலீங்க. நாலு இட்லிதானுங்க."

சும்மா இருக்க வேண்டும்.

"ஒரு தோசைங்க. அது பொண்ணு மீதி வெச்சதுங்க, எறிய மனசில்லாம."

இன்னும் சும்மா இருக்க வேண்டும்.

"பக்கத்தூட்டுல ஒறம்பரை வந்திருந்தாங்க. ஒரே ஒரு ஜிலேபிங்க."

ஜிலேபி வந்துவிட்டால் பேனாவை எடுக்கலாம்.

இரண்டாவது விதி, நாம் எழுதிக் கொடுத்ததை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொல்லி முடிக்காமல் எழுந்து போக விடக்கூடாது. டாக்டரே நோயாளியாக வந்தாலும் மேடம் விடமாட்டார். ஒரு எலும்பு மருத்துவர் சின்னப் பிள்ளை மாதிரி, "காலையில் ராகிக் கஞ்சி ஒரு டம்ளர், சர்க்கரை இல்லாமல்" என்று ஒப்பித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டாவது விதியைத்தான் நான் ஒரு நாள் விட்டுவிட்டேன். அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. மேடம் ஓய்வு பெற இரண்டே வருடம் இருந்தது. அடுத்த தலைவர் யார் என்ற கேள்விக்கு என் மனதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. இத்தனை அனுபவத்துக்குப் பிறகும் எதிரில் இருப்பவரைப் பாடம் ஒப்பிக்கச் சொல்வது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. நான் சொன்னால் புரியாமல் போகுமா?

அன்று வந்தவர் பழனிச்சாமி. சென்னிமலைப் பக்கம் கைத்தறி நெசவு, பெட்ஷீட் நெய்கிறவர். ஐம்பத்தைந்து வயது, பத்து வருடச் சர்க்கரை. வலது காலில் புண் வந்து, ஒரு விரலை எடுத்திருந்தார்கள். விரல் எடுத்த இடம் ஆறவில்லை. அறுவை மருத்துவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்: ரத்தத்தில் புரதம் ரொம்பக் குறைவு, மூன்று வாரம் பார்ப்போம், அதற்குள் புண்ணில் சதை வளராவிட்டால் கணுக்காலுக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும். சிறுநீரகம் நன்றாக இருந்ததால் புரதம் கொடுக்கத் தடையில்லை. சீட்டை என்னிடம் அனுப்பினார்.

பழனிச்சாமியும் அவர் மனைவி ராமாத்தாளும் என் எதிரில் உட்கார்ந்தார்கள். அவர் காலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"தறியில ஏத்துன பாவு பாதியில நிக்குதுங்க. எப்பங்க போய் உக்காரலாம்?" என்றார்.

"முதல்ல ஒழுங்கா சாப்பிடுங்க. அப்புறம் தறியைப் பாக்கலாம்" என்று பெரிய மனுஷியாகச் சொல்லிவிட்டு, சார்ட்டில் எழுதினேன். பருப்பு இரண்டு கரண்டி. சுண்டல் ஒரு டம்ளர். மோர். முட்டைக்கு வந்ததும் வழக்கப்படி எழுதினேன்: 'முட்டை தினம் நான்கு. மஞ்சள் தவிர்க்கவும்.' எங்கள் சமையலறையில் யாரும் மஞ்சள் கரு என்று முழுசாகச் சொல்வதில்லை. வெள்ளை, மஞ்சள், அவ்வளவுதான். கட்டமும் சின்னது. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள்.

"புரிஞ்சுதுங்களா?" என்றேன்.

"புரிஞ்சுதுங்க" என்றார் பழனிச்சாமி. கொங்குநாட்டில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. அது எனக்கே தெரியும்.

பதினாறாவது நாள் திரும்பி வந்தார்கள். புண் அப்படியே இருந்தது. ரத்தப் பரிசோதனையில் புரதம் கொஞ்சம்கூட ஏறவில்லை. ஆள் வேறு இளைத்திருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. எனக்குக் கோபம் வந்தது. சார்ட் சரி, ஆகவே ஆள் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். அந்த நேரத்தில் ரெஜினா மேடம் ஏதோ ஃபைல் தேடி அறைக்குள் வந்து, போகாமல் ஓரத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"முட்டை சாப்பிடறீங்களா இல்லையா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க."

"தினம் நாலு?"

"நாலு வேகவெச்சுருவாளுங்க."

"அப்புறம் எப்படிங்க ஏறாம இருக்கும்? நான் ஏன் எழுதிக் குடுக்கறேன், சுவத்துல ஒட்டிவெக்கறதுக்கா?"

மேடம் ஸ்டூலிலிருந்தே மெல்லக் கேட்டார். "வேகவெக்கறது அவங்க. சாப்பிடறது யாருங்க?"

பழனிச்சாமி தரையைப் பார்த்தார். மேடம் சும்மா இருந்தார். நானும் வேறு வழியில்லாமல் சும்மா இருந்தேன்.

"வாயில வெக்கறனுங்க" என்றார் கடைசியில். "கவுச்சி வாடை தூக்குதுங்க. ரெண்டு வாய்க்கு மேல குமட்டிப்போடுதுங்க. அம்மணி இத்தன அக்கறையா எழுதிக் குடுத்திருக்கறாங்க, தின்ன முடியலைன்னு எப்படிங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது?"

"ஏன் வாடை வருது? துளி மஞ்சளும் மிளகும் போட்டுப் பெரட்டினா வராதே" என்றார் மேடம்.

அதுவரை பேசாமல் இருந்த ராமாத்தாளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "மஞ்ச எங்கீங்க போடறது? அதுதான் ஆகாதுன்னு எழுதியே குடுத்துப்போட்டீங்களே."

மேடம் எழுந்து வந்து, அவர்கள் கையிலிருந்த சார்ட்டைப் பழனிச்சாமி முன்னால் வைத்தார். "படிங்க பாக்கலாம்."

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "முட்டை தினம் நான்கு. மஞ்சள் தவிர்க்கவும்."

"அப்படின்னா?"

"முட்டை நாலு திங்கோணும். மஞ்சத்தூள் சேக்கக் கூடாது" என்றார் ராமாத்தாள். "பதனாறு நாளா எங்கூட்டுல மஞ்ச டப்பாவத் தொறக்கலீங்க. பருப்பு சுண்ணாம்பாட்ட இருக்குது. ரசம் மழைத்தண்ணியாட்ட இருக்குது. இவரு எதத்தான் வாயில வெப்பாரு? மொகத்துக்குப் பூசிக் குளிக்கறதக்கூட நிறுத்திப்போட்டனுங்க. பக்கத்துல நின்னு சோறு போடறமே, காத்துல கீத்துல அவருக்குப் போயிருமோன்னு."

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவர் அதோடு நிறுத்தவில்லை. சேலைத் தலைப்பைக் கொஞ்சம் விலக்கி, குரலைத் தாழ்த்தி, மேடத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கழுத்துல இருக்கற கவுறுதான் பாக்கிங்க. மஞ்சள்ல நனைச்சது. அத மட்டும் கேட்டுப்போட்டுச் செய்யலாம்னு வந்தனுங்க. அதையும் எடுக்கோணுங்களா?"

மஞ்சள் விளைகிற ஊர்கள் சுற்றிலும் இருக்க, மஞ்சள் என்று எழுதினால் முட்டைக்குள் இருப்பது நினைவுக்கு வரும் என்று எதிர்பார்த்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெண் பதினாறு நாள் முகத்துக்கு மஞ்சள் பூசாமல், வெறும் பருப்பைக் கடைந்துகொண்டு, கடைசியில் தாலிக் கயிறுவரை வந்து நின்றிருக்கிறார். நான் எழுதினேன் என்ற ஒரே காரணத்துக்காக.

மேடம் சிவப்புப் பேனாவைத் திறந்தார். நான் எழுதிய 'மஞ்சள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'கரு' என்று எழுதி, சார்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ரெண்டு எழுத்து. இப்ப நீங்க படிங்க."

படித்தேன். நாற்பத்தைந்து வயதில், நோயாளிக்கும் மனைவிக்கும் முன்னால், நான் எழுதியதை நானே ஒப்பித்தேன். பிறகு மேடம் ராமாத்தாளிடம் திரும்பி, "கயித்துல கை வெக்காதீங்க. இன்னிக்குச் சாயங்காலமே மஞ்சள் டப்பாவைத் தொறங்க. தப்பு எங்களோடது" என்றார். 'இவளோடது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன் பிறகு என்னையே அறுவை மருத்துவரிடம் அனுப்பினார். நடந்ததைச் சொன்னேன். அவர் "மஞ்சளா?" என்று ஒரு தடவையும், "மஞ்சத்தூளா?" என்று இன்னொரு தடவையும் கேட்டுவிட்டு, பத்து நாள் கூடுதல் அவகாசம் கொடுத்தார். ஆள் இவ்வளவு இளைத்திருக்கும்போது கருவை எறிவானேன் என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்ததையும் கேட்டேன். ஒத்துக்கொண்டார். முழு முட்டை இரண்டு, வெள்ளை மட்டும் இரண்டு. என் கையால் ஒருவருக்கு மஞ்சள் கருவை எழுதிக் கொடுத்தது அதுவே முதல் தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து சென்னிமலைக்குப் போனேன். எந்த விதியிலும் இல்லாத காரியம். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. வீட்டின் முன்னறை முழுவதும் தறி. தரையில் குழி, குழிக்குள் இரண்டு மிதிகள். பாதி நெய்த பெட்ஷீட் அப்படியே நின்றது. பழனிச்சாமி காலை நாற்காலிமேல் நீட்டி, தறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கால் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் மிதிக்கலாமுங்களா?" என்று கேட்டேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

"மிதி ரெண்டுங்க அம்மணி" என்றார்.

ராமாத்தாளுக்கு முட்டை சமைக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று நான் பையில் அளவுக் கரண்டியோடு போயிருந்தேன். எண்ணெய் ஒரு டீஸ்பூன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் சின்ன வெங்காயத்தை அரிந்து, கறிவேப்பிலை கிள்ளி, முட்டையை உடைத்து ஊற்றி, மஞ்சள் தூளைத் தூவி, கிளறி இறக்கிவிட்டார். அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் பழனிச்சாமி நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். இரண்டு வாயில் நிற்கவில்லை. தட்டு காலியாகும்வரை நான் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சங்கடப்பட்டு, "நீங்களும் கொஞ்சம் சாப்பிடுங்க அம்மணி, வயித்து வலி வந்துரப் போகுது" என்றார். சாப்பிட்டேன். என் கரண்டி பையிலேயே இருந்தது.

பத்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது மேடமும் நானும் கதவுக்கு வெளியே நின்றோம். நாங்கள் அங்கே நிற்க எந்த முகாந்திரமும் இல்லை. மருத்துவர் குனிந்து பார்த்தார், ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார், இன்னொரு தடவை குனிந்தார். வெளியே வந்து, "செவப்பா சதை வந்திருக்குது. எடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். ராமாத்தாள் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். மேடம் என்னிடம், "வெளிய ஆறு பேரு காத்திட்டிருக்காங்க" என்றார்.

புண் முழுதாக மூட இன்னும் மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் சர்க்கரையும் கட்டுக்குள் வந்திருந்தது, தினமும் கட்டு மாற்றிய நர்ஸின் கைத்திறமையும் இருந்தது. முட்டைக்கும் அதில் ஒரு பங்கு. திவ்யாவுக்கு நான் சொல்ல வேண்டியதும் இவ்வளவுதான். நல்ல உடம்புக்காரர் தினம் ஒரு முழு முட்டையைக் காய்கறி, பருப்போடு தாராளமாகச் சாப்பிடட்டும். சர்க்கரை, இதயக் கோளாறு இருக்கிறவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். விலை மலிவு, சமைக்க ஐந்து நிமிடம், புரதம் கெட்டி. அதற்கு மேல் அதைக் கும்பிடவும் வேண்டாம், அதற்குப் பயப்படவும் வேண்டாம். நாங்கள் இத்தனை வருடம் அதை விலக்கியதும் இப்போது சேர்த்துக்கொண்டதும் எந்தக் கோழிக்கும் தெரியாது. சார்ட்டில் எதை வேண்டுமானாலும் மாற்று திவ்யா. எழுதியதைத் திருப்பிச் சொல்லச் சொல்லாமல் மட்டும் யாரையும் அனுப்பாதே.

அந்தப் பத்து நாளுக்குப் பிறகு ரெஜினா மேடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஓய்வு பெற்றபோது நாற்காலியை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். என் மனதில் இதெல்லாம் கடைசியில் நன்றாகவே முடிந்த கதை என்று ஆகிவிட்டது. தவறு என்னுடையதுதான். ஆனாலும் பஸ் ஏறிப் போய், முட்டை தின்ன வைத்து, ஒரு நெசவாளியின் காலைக் காப்பாற்றியவளும் நான்தானே. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முகத்தில் மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் பழனிச்சாமி என் அறைக்கு வந்தார். இரண்டு காலிலும் செருப்பு, நடை லேசாகச் சாய்வு. கூடவே ராமாத்தாளின் தம்பி, பெருந்துறைத் தொழிற்பேட்டையில் வேலை. அவருக்கும் புதிதாகச் சர்க்கரை வந்திருந்தது. தறி எப்படி ஓடுகிறது என்று விசாரித்தேன். நன்றாக ஓடுகிறது என்றார். எங்கள் தெருவில் உங்களைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை என்றார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. என்ன பேசுகிறார்கள் என்று, கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன்.

"மஞ்ச நிறுத்தினதாலதான் புண்ணு ஆறாம நின்னுதுங்க. மறுபடி போட்டதும் ஆறிப்போச்சுங்க. மஞ்ச மருந்துங்களே, ஊருக்கே தெரியும். அத நிறுத்தச் சொன்னது தப்புன்னு ஆஸ்பத்திரியிலயே ஒத்துக்கிட்டாங்கன்னு ராமாத்தா எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டா. தப்ப ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணுமுங்களே."

முட்டையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று சும்மா இருந்து பார்த்தேன். எவ்வளவு நேரம் சும்மா இருந்தும் வேறு எதுவும் வரவில்லை. புது சார்ட் ஒன்றை எடுத்து, மைத்துனருக்கு ஒவ்வொரு வரியாக எழுதி, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லவைத்தேன். அவர் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். பழனிச்சாமிக்கு ரொம்பத் திருப்தி. எழுந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மைத்துனரின் தோளில் கை வைத்தார்.

"மாப்ள, அம்மணி சொன்னதெல்லாம் நல்லா நெனப்புல வெச்சுக்க. ஊட்டுக்குப் போனதும், எதெது செய்யலாம்னு உங்கக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க."